பைன்ஃபோனை ட்ரிக்ஸிக்கு மாற்றும் முன்: எதை எடுத்து வைப்பது, எதை விட்டுவிடுவது

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பது 3 ஜிபி ராமும் 32 ஜிபி உள் நினைவகமும் கொண்ட பைன்ஃபோன், லினக்ஸ் ஓடும் போன். அதில் மொபியான் ஓடுகிறது, அதாவது டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பான புக்வார்ம் மேல் போன்களுக்காகக் கட்டியது. வீட்டில் நெல் அறுக்கும் மிஷின் வாடகைக்கு விடுகிறார்கள். யார் வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு பாக்கி என்று எழுதி வைக்கப் பைத்தானில் தானே ஒரு நிரல் எழுதி அந்தப் போனிலேயே வைத்திருக்கிறார். இப்போது டெபியன் 13-க்கு, ட்ரிக்ஸிக்கு மாற ஆசை. “ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடக் கூடாது. யூஎஸ்ஆர் ஃபோல்டரை அப்படியே மெமரி கார்டில் காப்பி செய்து வைத்து, புதுசு போட்ட பிறகு திரும்ப ஒட்டிவிட்டால் வந்துவிடுமா அண்ணா?” என்பது கேள்வி.

வராது தம்பி. அது மட்டுமில்லை, புதிதாகப் போட்டதும் படுத்துவிடும்.

ஏன் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரிந்தால் எதை எடுத்து வைக்க வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும். டெபியனில் ஒரு பேக்கேஜைப் போடும்போது அதன் கோப்புகள் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. ஓடும் நிரல் ஓரிடம், லைப்ரரி ஓரிடம், ஐகான் ஓரிடம், அமைப்புக் கோப்பு இடிசி ஃபோல்டரில் என்று சிதறிப் போகும். எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது, எந்தப் பதிப்பு, அது எதை நம்பி நிற்கிறது என்ற கணக்கை டிபிகேஜி என்ற பேக்கேஜ் கருவி தனியாக வார் ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளும். நீங்கள் யூஎஸ்ஆரை மட்டும் காப்பி செய்து ஒட்டினால் கோப்பு வந்திருக்கும், கணக்கில் இருக்காது. நாளைக்கு அப்டேட் வந்தால் அந்த மென்பொருளுக்கு வராது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் சி லைப்ரரி, ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பி நிற்கும் அடிப்படை லைப்ரரி. புக்வார்மில் இருப்பது ஜிலிப்சி 2.36. ட்ரிக்ஸியில் 2.41. பழைய யூஎஸ்ஆரைப் புதியதன் மேல் கொட்டினால் 2.41 இருந்த இடத்தில் 2.36 வந்து உட்காரும். புதிய நிரல்கள் “எனக்கு வேண்டிய பதிப்பு இல்லை” என்று சொல்லிக் கிளம்பவே மாட்டா. ஃபோல்டரைப் பட்டியலிடும் எல்எஸ் கூட ஓடாத நிலை வரலாம். அதற்குப் பிறகு அந்தப் போனுக்குள்ளேயே இருந்து அதைச் சரி செய்ய முடியாது.

ஆகவே மென்பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அது டெபியனின் சர்வர்களில் பத்திரமாக இருக்கிறது, ட்ரிக்ஸிக்கென்றே புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் இருப்பது என்ன? நீங்கள் தேடிப் போட்டவற்றின் பெயர்கள், நீங்கள் மாற்றிய சில அமைப்புகள், அப்புறம் உங்கள் தரவு. இதில் தரவு ஒன்றுதான் போனால் போனதுதான்.

அவசரமா என்று முதலில் யோசியுங்கள். ட்ரிக்ஸி 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. புக்வார்முக்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. ஆனால் அது டெபியனின் பேக்கேஜ்களுக்கு. பைன்ஃபோனின் கெர்னல் போன்றவை மொபியானின் சொந்த ரெப்போவிலிருந்து, அதாவது பேக்கேஜ் கிடங்கிலிருந்து வருகின்றன, அவற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாறத்தான் வேண்டும். ஆனால் சம்பா அறுவடையில், தை மாசியில், மிஷின் ராப்பகலாக ஓடும் நேரத்தில் கணக்கு எழுதும் போனை நோண்ட வேண்டாம். ஐப்பசி கார்த்திகையிலும் வேண்டாம். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பங்குனி, சித்திரை நல்ல நேரம்.

இனி வேலைக்கு வருகிறேன். என் யோசனை, உள்ளே இருப்பதைத் தொடவே தொடாதீர்கள். பைன்ஃபோனில் ஒரு அருமையான வசதி இருக்கிறது: பூட் ஆகும்போது முதலில் மெமரி கார்டைப் பார்க்கும், அதில் ஒன்றும் இல்லை என்றால்தான் உள் நினைவகத்துக்குப் போகும். ஆக ஒரு நல்ல கார்டை வாங்கி, ட்ரிக்ஸி மேல் கட்டிய மொபியான் இமேஜை (முழு சிஸ்டமும் ஒரே கோப்பாக) அதில் எழுதி, போனில் செருகி ஆன் செய்தால் புதுசு வரும். கார்டைப் பிடுங்கினால் பழசு வரும். பழையதில் ஒரு பைட் கூட மாறியிருக்காது. இப்படி ஒரு வழி இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் மேலேயே அப்கிரேடு செய்து பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கார்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்டிக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டுகளில் கொள்ளளவு பொய்யாக இருக்கும். எழுதும்போது ஒப்புக்கொள்ளும், படிக்கும்போதுதான் கையை விரிக்கும். வாங்கியதும் எஃப்3 என்ற கருவியால் முழுதும் எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

கார்டில் வேலை தொடங்கும் முன் உள் நினைவகத்தை மொத்தமாக ஒரு இமேஜாக லேப்டாப்பில் எடுத்து வைப்பதும் நல்லது. ஜம்ப்டிரைவ் என்று ஒரு சின்ன இமேஜ் இருக்கிறது. அதைக் கார்டில் எழுதிப் போனில் போட்டு யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்தால், போனின் உள் நினைவகம் ஒரு பென் டிரைவ் மாதிரி லேப்டாப்பில் தெரியும். போனைக் கிளப்பும் டோ-பூட் என்ற பூட்லோடர் போட்டிருந்தால் ஜம்ப்டிரைவே வேண்டாம், ஆன் ஆகும்போது வால்யூம் அப் பட்டனை அழுத்திப் பிடித்தால் அதே வேலையைச் செய்யும். பிறகு டிடி கட்டளையால் முழுதையும் படித்து இஸட்-ஸ்டாண்டர்டால் சுருக்கிக்கொள்ளலாம். டிடி-யில் எது மூலம், எது இலக்கு என்பதை டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே போட்டு அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகு என்டரைத் தட்டுங்கள். இடம் மாறினால் லேப்டாப் காலி.

இந்த இமேஜ் கடைசிப் பாதுகாப்பு மட்டும்தான். அதிலிருந்து ஒரு மென்பொருளை மட்டும் எடுத்துப் புதியதில் போட முடியாது. எல்லாம் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம், அவ்வளவே. அதனால் பெயர்ப் பட்டியல் வேலையைத் தனியாகச் செய்துதான் ஆக வேண்டும்.

பட்டியல் எடுப்பது எப்படி என்று தேடினால் பெரும்பாலும் டிபிகேஜி கெட்-செலக்‌ஷன்ஸ் என்ற கட்டளையைத்தான் சொல்வார்கள். போனில் இருக்கும் எல்லா பேக்கேஜ் பெயரையும் அது கொட்டும், ஆயிரத்துக்கு மேல் வரும். அதைப் புதியதில் செட்-செலக்‌ஷன்ஸ் கொடுத்து ஊட்டச் சொல்வார்கள். ஒரே பதிப்புக்குள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போக இது சரி. 12-லிருந்து 13-க்குப் போகும்போது இதைச் செய்யாதீர்கள். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி நீங்கள் கேட்காத லைப்ரரிகள். உங்களுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இழுத்து வந்தவை அவை.

அந்த லைப்ரரிகளின் பெயரே இந்த முறை மாறியிருக்கிறது. 32 பிட் கருவிகளில் நேரத்தை எண்ணும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்துவிடும். அதைச் சரி செய்ய டெபியனில் நேர அளவை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். மாறிய லைப்ரரிகளை அடையாளம் காட்டப் பெயரின் கடைசியில் டி64 என்று ஒட்டினார்கள். லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. நம் பைன்ஃபோன் ஆர்ம்64, அதாவது 64 பிட் கருவி, அதில் நேரம் எப்போதோ 64 பிட். சிக்கல் நமக்கு இல்லை, பெயர் மாற்றம் மட்டும் நமக்கும் சேர்த்து வந்துவிட்டது. பழைய முழுப் பட்டியலை ஊட்டினால் “இந்தப் பெயரில் எதுவும் இல்லை” என்ற எச்சரிக்கை பக்கம் பக்கமாக ஓடும்.

எனவே, டெபியனில் பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கும் ஆப்ட் கருவியின் ஆப்ட்-மார்க் கட்டளையில் ஷோமேனுவல் போடுங்கள். கையால் கேட்டுப் போட்டவை மட்டும் வரும், கூட வந்த லைப்ரரிகள் வரா. இதிலும் ஒரு சின்ன விஷயம். மொபியான் இமேஜைக் கட்டியவர்கள் போட்ட பேக்கேஜ்களும் ‘கையால் போட்டது’ கணக்கில்தான் வரும். போனின் திரை முகப்பான ஃபோஷ், மோடம் மேனேஜர், கெர்னல் எல்லாம் அதில் இருக்கும். உங்களுடையதை எப்படிப் பிரிப்பது?

கழித்தல் கணக்குதான். பழைய சிஸ்டத்தில் ஷோமேனுவல் பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள். புதிய கார்டைப் போட்டு, எதையும் சேர்க்கும் முன் அதிலும் அதே பட்டியலை எடுங்கள். காம் என்ற கட்டளையில் இரண்டையும் கொடுத்து, பழையதில் மட்டும் இருப்பவற்றைக் கேளுங்கள். நீங்கள் சேர்த்தவை தெளிவாக நிற்கும். காம் வேலை செய்ய இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி வரிசையில் இருக்க வேண்டும். பழைய போனில் மொழியைத் தமிழ் என்று வைத்து, புதியதில் இன்னும் ஆங்கிலமாகவே இருந்தால் வரிசை முறை கொஞ்சம் மாறி, “வரிசையில் இல்லை” என்று முரண்டு பிடிக்கும். இரண்டு பக்கமும் எல்சி-ஆல் என்ற மொழி அமைப்பை சி என்று வைத்து வரிசைப்படுத்தினால் தொல்லை இல்லை.

மிச்சம் வந்ததை நேரே ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுத்தால் இன்னொரு முட்டுக்கட்டை வரும். பட்டியலில் ஒரே ஒரு பெயர் ட்ரிக்ஸியில் இல்லாவிட்டாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும், மற்றவற்றையாவது போடுவோம் என்ற தாட்சண்யம் அதற்குக் கிடையாது. ஆப்ட்-கேஷ் பிகேஜிநேம்ஸ் கொடுத்துப் புதிய ரெப்போவில் இருக்கும் எல்லாப் பெயரையும் ஒரு கோப்பில் எடுத்து, மறுபடி காம் போட்டு இரண்டிலும் இருப்பதை மட்டும் பிரித்தெடுங்கள். அதை இன்ஸ்டால் செய்தால் தடங்கலின்றி ஓடும்.

ஒட்டாமல் நிற்கும் சில பெயர்களைக் கண்ணால் பாருங்கள். எப்படியும் கொஞ்சம்தான் இருக்கும். பெயரில் 6.1 என்று வரும் பழைய கெர்னல் பேக்கேஜ்களா, விட்டுவிடுங்கள். எப்போதோ ஒரு நிரல் கேட்டதென்று கையால் போட்ட லைப்ரரியா, அதுவும் வேண்டாம். அந்த நிரலைப் போட்டால் தேவையானது தானே வரும். உண்மையிலேயே நீங்கள் பயன்படுத்திய ஒன்று ட்ரிக்ஸியில் இல்லை என்றால் அதற்கு மாற்றுத் தேட வேண்டும். அந்தத் தேடலைப் பழையது கையில் இருக்கும்போதே செய்வது எவ்வளவு நிம்மதி என்று அப்போது தெரியும்.

டெபியனுக்கு வெளியே ஏதாவது ரெப்போ சேர்த்திருக்கிறீர்களா? இடிசியில் ஆப்ட் ஃபோல்டருக்குள் சோர்சஸ் லிஸ்ட் டி என்ற இடத்தைப் பாருங்கள். அதை அப்படியே காப்பி செய்யாமல், எந்த முகவரி, எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் புக்வார்ம் என்று இருக்கும், புதியதில் அது விஷம். ஆப்ட்-கீ கட்டளையால் சாவி சேர்க்கும் பழைய வழியும் இப்போது இல்லை. டெபியன் 13-இல் அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டார்கள். சாவிக் கோப்பைக் கீரிங்ஸ் ஃபோல்டரில் வைத்து, சோர்ஸ் கோப்பில் அதைக் குறிப்பிட வேண்டும்.

டெபியனுக்கு வெளியே ஆப்களைத் தரும் ஃபிளாட்பாக் வழியாகப் போட்டவை ஆப்ட் பட்டியலில் வராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபிளாட்பாக் லிஸ்ட்டில் ஆப்களின் அடையாளப் பெயரை மட்டும் கேட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் ஃபிளாட்ஹப் என்ற அதன் ரெப்போவைச் சேர்த்து அந்தப் பெயர்களைக் கொடுத்தால் போதும். அந்த ஆப்களின் தரவு உங்கள் ஹோமில் புள்ளி வைத்துத் தொடங்கும் வார் ஃபோல்டரில், ஆப் என்பதன் உள்ளே ஆளுக்கு ஒரு அறையாக இருக்கும். ஹோமை எடுக்கும்போது அதுவும் வந்துவிடும். டேட்டா கவலை இருந்தால் ஃபிளாட்பாக்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சின்ன ஆப்பாக இருந்தாலும் அதன் ரன்டைம் நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும், மொபைல் டேட்டாவில் ஒரு நாள் கோட்டா அதிலேயே காலி.

அடுத்தது உங்கள் பைத்தான் நிரல். புக்வார்மில் பைத்தான் 3.11, ட்ரிக்ஸியில் 3.13. வென்வ் என்ற தனி பைத்தான் ஃபோல்டர் போட்டு அதற்குள் பிப் கருவி மூலம் லைப்ரரிகள் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் டெபியன் 12-லிருந்தே வெளியே பிப் இன்ஸ்டால் செய்ய விடுவதில்லை. அந்த வென்வ் ஃபோல்டரைக் காப்பி செய்து பயனில்லை. லைப்ரரிகள் 3.11 என்று பெயர் போட்ட ஃபோல்டருக்குள் இருக்கும், 3.13 அந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்காது. பழையதில் பிப் ஃபிரீஸ் கொடுத்துப் பட்டியல் எடுங்கள், புதியதில் புது வென்வ் உருவாக்கி அந்தப் பட்டியலிலிருந்து போடுங்கள். ஆர்ம்64-க்குத் தயாராகக் கட்டியது கிடைக்காத லைப்ரரி என்றால் போனிலேயே கம்பைல் ஆகத் தொடங்கும். பைன்ஃபோனின் ஏ64 சிப்புக்கு அது பெரிய சுமை, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. அதே லைப்ரரி டெபியன் பேக்கேஜாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

தரவுக்கு வருவோம். இதில்தான் நிதானம் வேண்டும்.

வாடகைக் கணக்கை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நிரல் ஓடும்போது அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வால் (WAL) முறையை, அதாவது புதிய வரிகளை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறையை, இயக்கியிருந்தால் மூன்று கோப்புகள் நிற்கும்: கணக்குக் கோப்பு ஒன்று, அதே பெயரின் பின்னால் வால் என்று ஒட்டிய ஒன்று, எஸ்எச்எம் என்று ஒட்டிய ஒன்று. நீங்கள் இன்று சாயந்திரம் எழுதிய “வடக்குத் தெரு, 3 மணி நேரம், செயின் வண்டி, பாதி பாக்கி” என்ற வரி இன்னும் முதல் கோப்புக்குள் போயிருக்காது, வால் கோப்பில்தான் இருக்கும். நேரம் வரும்போதுதான் எஸ்க்யூலைட் அதை உள்ளே சேர்க்கும். ஃபைல் மேனேஜரில் முதல் கோப்பை மட்டும் தொட்டு இழுத்துக் கார்டில் போட்டால் கடைசி வரிகள் இல்லாத கணக்குதான் போய்ச் சேரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, திறந்தால் நன்றாகத் திறக்கும். சில வரிகள் இல்லை என்பது பாக்கிக்காரர் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இதற்கு இரண்டு வழி. நிரலைச் சரியாக மூடிவிட்டு, வால் கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்துக் காப்பி செய்யலாம். அதைவிட நல்லது, எஸ்க்யூலைட்3 கருவியில் அந்தக் கணக்கைத் திறந்து அதன் பேக்கப் கட்டளையையே கொடுப்பது. நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் முழுசாக, ஒழுங்காக ஒரு நகல் எழுதித் தரும். அந்த நகலைத் திறந்து பிராக்மா இன்டெக்ரிட்டி செக் கொடுத்து ‘ஓகே’ வருகிறதா, கடைசியாக எழுதிய வரி இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். கூடவே ஒரு சிஎஸ்வி கோப்பாகவும் எடுத்து வையுங்கள், எந்தக் கருவியிலும் திறக்கும்.

மற்றதெல்லாம் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது. எஸ்எம்எஸ்-கள் சேட்டி ஆப்பின் பர்ப்பிள் ஃபோல்டரில், தொடர்பு எண்கள் எவல்யூஷன் ஃபோல்டரில். இரண்டும் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் என்பதால் ஃபைல் மேனேஜரில் தெரிவதை மட்டும் காப்பி செய்தால் இவை விட்டுப் போகும். முழு ஹோமையும் டார் போட்டு ஒரே கோப்பாக்குங்கள், கேஷ் ஃபோல்டரை மட்டும் விலக்கி. தனித்தனிக் கோப்பாகக் கார்டிலோ பென் டிரைவிலோ போடாதீர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. கடையில் வாங்கும் கார்டு ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். அவற்றுக்கு யாருடைய கோப்பு, யார் படிக்கலாம் என்ற அனுமதியெல்லாம் தெரியாது, வேறு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்கும் தெரியாது. டார் கோப்புக்குள் இவை அப்படியே பத்திரமாக இருக்கும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் பெரிய ஹோம் என்றால் துண்டு போடுங்கள், அல்லது லேப்டாப்புக்கே அனுப்பிவிடுங்கள். டெம்ப் ஃபோல்டரில் மட்டும் டாரை உருவாக்காதீர்கள். ட்ரிக்ஸியில் டெம்ப் என்பது ராமில் இருக்கிறது. இருக்கும் 3 ஜிபியில் பாதி வரை அது தின்னும், ரீபூட் ஆனால் கோப்பும் போய்விடும்.

இடிசியிலிருந்து நான் எடுப்பது மிகக் கொஞ்சம். வைஃபை கடவுச்சொற்களும் சிம்முக்கான ஏபிஎன் அமைப்பும் நெட்வொர்க் மேனேஜரின் சிஸ்டம் கனெக்‌ஷன்ஸ் ஃபோல்டரில் இருக்கும், அவற்றை ரூட்டாக நின்று டாரில் எடுங்கள். திரும்ப வைக்கும்போது அந்தக் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகவும் 600 அனுமதியோடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க் மேனேஜர் அவற்றைக் கண்டுகொள்ளாது, “வைஃபை எல்லாம் காணோம்” என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிஎஸ்என்எல் சிம் என்றால் ஏபிஎன் பிஎஸ்என்எல்நெட், நினைவில் இருந்தால் புதிதாகத் தட்டினாலும் முடிந்தது வேலை. எஃப்எஸ்டேப், மெஷின் ஐடி இரண்டையும் பழையதிலிருந்து கொண்டுவராதீர்கள். பழைய எஃப்எஸ்டேப்பில் பழைய பார்ட்டிஷனின் அடையாள எண் இருக்கும், கார்டு சரியாக பூட் ஆகாமல் போகலாம்.

புதியதில் ஹோமைத் திரும்ப வைக்கும்போதும் மூட்டையை அப்படியே அவிழ்த்துக் கொட்ட வேண்டாம். ஆவணங்கள், படங்கள், உங்கள் நிரல், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள், சேட்டி, எவல்யூஷன் இவற்றை முதலில் வையுங்கள். கான்ஃபிக் ஃபோல்டரை ஆப் ஆப்பாகப் பார்த்து எடுங்கள். டெஸ்க்டாப் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃபை முழுசாகப் பழையதிலிருந்து கொண்டுவராதீர்கள். புக்வார்மில் க்னோம் டெஸ்க்டாப் 43, ட்ரிக்ஸியில் 48. இடையில் எத்தனையோ அமைப்புகளின் பெயரும் இடமும் மாறிவிட்டன. திரை அளவு, எழுத்தளவு போன்ற சிலதைக் கையால் வைப்பது சுலபம். சேட்டியையும் எவல்யூஷனையும் வைக்கும்போது அந்த ஆப்கள் ஓடக் கூடாது. உள்நுழைந்ததுமே பின்னணியில் அவை கிளம்பிவிடும் என்பதால் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சில் வந்து, அவற்றை நிறுத்திவிட்டு வையுங்கள்.

தமிழுக்கு இரண்டு வேலை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோஹித் தமிழ் எழுத்துரு பேக்கேஜைப் போடுங்கள், ஹோமின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் நீங்கள் வைத்திருந்த எழுத்துருக்கள் ஹோமோடு வந்துவிடும். இந்தியத் தமிழ் லொகேலை, அதாவது மொழி அமைப்பை, புதிதாக உருவாக்க வேண்டும், பட்டியலில் அது வராது. இன்னொன்று, கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்பவர்களுக்கு மட்டும்: போனின் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 85 குறியீடு தாண்டினால் ஏற்காது. விண்டோஸ் லேப்டாப்பில் அப்பா பெயர், ஊர், வருஷம் எல்லாம் சேர்த்து நீளமாகப் பெயர் வைத்த கோப்புகள் போனுக்கு வர மறுப்பது இதனால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், கார்டெல்லாம் வேண்டாம், இருக்கும் சிஸ்டத்திலேயே ஏறிவிடுகிறேன் என்று நினைத்தால், மேலே சொன்ன பேக்கப் எல்லாம் எடுத்த பிறகு செய்யுங்கள். முதலில் 12-க்கு உள்ள எல்லா அப்டேட்டையும் முடியுங்கள். டெபியன், மொபியான் இரண்டின் ரெப்போ வரிகளையும் மாற்றுங்கள், டெபியனுடையதை மட்டும் மாற்றினால் கெர்னல் பழசாகவே நிற்கும். பேக்கேஜ்களை டவுன்லோட் மட்டும் என்று ஆப்ட்-கெட்டில் சொல்லி முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் பாதியில் தொங்காது. இன்ஸ்டால் முடிந்ததும் ஆப்ட் அந்த டெப் கோப்புகளை அழித்துவிடும், ஆப்ட்-கெட் வைத்திருக்கும், இடம் குறைவென்றால் இதையும் கவனியுங்கள். பிறகு புதிய பேக்கேஜ் சேர்க்காத அப்கிரேடு, அப்புறம் முழு அப்கிரேடு. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சில் வந்து டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டுங்கள், வைஃபை அறுந்தாலும் வேலை நடக்கும். சார்ஜரில் போட்டு, தூக்க நிலையை சிஸ்டம்டி-இன்ஹிபிட் கொண்டு தடுத்துவிடுங்கள். திரையைத் தொடாவிட்டால் ஃபோஷ் போனைத் தூங்க வைத்துவிடும், எஸ்எஸ்எச்சில் வேலை நடப்பது அதற்கு ஒரு பொருட்டில்லை.

பேக்கப்பின் ஒரு நகலை வேறு ஊரில் வையுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது போனும் லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே ஓட்டு வீட்டுக்குள் இருந்தவர்கள் மூன்றையும் சேர்த்தே நனைய விட்டார்கள். தஞ்சாவூரில் அக்கா வீடு இருந்தால் ஒரு பென் டிரைவ் அங்கே கிடக்கட்டும். கணக்கு என்பதால் ஜிபிஜி கொண்டு பூட்டிக் கொடுங்கள்.

கார்டில் ஓரிரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கால் வருகிறதா, எஸ்எம்எஸ் வருகிறதா, காலையில் சார்ஜ் எவ்வளவு நிற்கிறது, கணக்கு நிரல் ஒழுங்காக எழுதுகிறதா எல்லாம் தெரிந்துவிடும். திருப்தி என்றால் அதே மொபியான் இமேஜை ஜம்ப்டிரைவ் வழியாக உள் நினைவகத்தில் எழுதி, ஏற்கெனவே சுத்தம் செய்த பட்டியலைக் கொடுத்தால் ஒரு சாயந்திரத்தில் முடிந்துவிடும். கார்டை அப்படியே உள்ளே குளோன் செய்வதும் முடியும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அடையாள எண் வந்துவிடும். கார்டைப் பிடுங்காமல் ஆன் செய்தால் எது எதை மவுன்ட் செய்தது என்றே தெரியாமல் குழம்பும். எந்த வழியில் போனாலும் உள்ளே வைக்க வேண்டிய கணக்குக் கோப்பு முதலில் எடுத்த பேக்கப்பில் இருப்பது இல்லை. இந்த ஓரிரு வாரமும் நீங்கள் எழுதியது கார்டில்தான் இருக்கிறது. கார்டை அழிக்கும் முன் அதிலிருந்து இன்னொரு முறை எஸ்க்யூலைட் பேக்கப் எடுத்து, தேதியைப் பார்த்து, அதை வையுங்கள்.